பித்தளை விளிம்பு

அத்தியாயம் 7

லெனீர் எறிந்த காபிக் கோப்பை ஒடெட்டியின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதித் தூள் தூளானது.

"கொலைகாரி! நீ ஒழுங்கா ஒட்டாத கட்டைய நம்பித்தான்டி என் புருஷன் மேல போனான்! இங்க வந்து நிக்க உனக்கு என்ன தைரியம்?"

ஏரோ கிளப் காபிக்கடையில் இருபது பேர் இருந்தோம். எல்லோரும் அவரவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒடெட்டி ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். தச்சு வேலையில் காய்த்துப்போன கைகளைக் கட்டிக்கொண்டு, சட்டையில் வழிந்த காபியைக்கூடத் துடைக்காமல் நின்றாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. யார் மேல் கொதிக்கிறது என்றுதான் தெரியவில்லை. லெனீர் மேல் கோபப்பட முடியாது. அவள் கணவன் எவரால்டோவைப் புதைத்து இரண்டு நாள்தான் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒன்பது வருஷமாக வீட்டுக் கொட்டகையில் தானே ஒரு விமானம் கட்டினான். பழைய ஃபுஸ்கா காரின் எஞ்சினைக் கழற்றி, மாற்றி அமைத்து, அதன் மூக்கில் பொருத்தினான். மஞ்சள் பெயின்ட் அடித்தான். எங்கள் ஊர் மின்கம்பியில் உட்கார்ந்து கத்தும் மஞ்சள் வயிற்றுக் குருவியின் பெயரையே, பெம்தெவி என்று அதற்கு வைத்தான். போன ஞாயிறு காலை முதல் தடவையாகக் கிளப்பி, ஓடுபாதையைத் தாண்டியும் தாண்டாமலும் கரும்புக் காட்டில் விழுந்தான். அந்த விமானத்தை முன்னால் இழுக்கும் விசிறியை மரத்தில் செதுக்கிக் கொடுத்தவள் ஒடெட்டி.

"இவளை நாலு மணிக்குக் கைது பண்றேன்," என்றார் இன்ஸ்பெக்டர் அமரில்தோ. "கிளப் தலைவர் டாக்டர் நொர்பெர்த்தோ அறிக்கை குடுத்துட்டாரு. விசிறி ஆகாயத்துலயே பிளந்திருக்கு. ஒட்டு சரியில்லையாம்."

"அவருக்கு ஒட்டைப் பத்தி என்ன தெரியும்?" என்றாள் என் முதலாளி ஜுரேமா.

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? முப்பது வருஷமா விமானம் ஓட்டுறாரு."

"நான் அம்பது வருஷமா காபி குடிக்கிறேன். காபிச் செடி நடத் தெரியாது."

ஜுரேமாவுக்கு அறுபத்தொரு வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளைத் துருவி விசாரித்தே தலை நரைத்தவள். இப்போது அதையே தனியாகச் செய்கிறாள். கோபம் ஏற ஏற அவள் குரல் இறங்கும். அன்று அவள் கிட்டத்தட்ட முணுமுணுத்தாள். அவளுடைய டிரைவர், குடை தூக்கி, திட்டு வாங்கி எல்லாமே நான்தான். பெயர் தார்சீசியோ. எங்களிடமும் ஒரு ஃபுஸ்கா உண்டு, 1974ஆம் வருஷ மாடல். நின்று நின்று ஓடும், பெரும்பாலும் நிற்கும்.

"உடைஞ்ச துண்டைப் பார்க்கணும்," என்றாள்.

"டாக்டர்தான் பொறுக்கிக் குடுத்தாரு, அவர் ரூம்லயே பூட்டி வெச்சிருக்கோம். அஞ்சு நிமிஷம் பாருங்க. அந்தப் பொண்ணு வரக் கூடாது. குற்றவாளி கையில சாட்சியத்தைக் குடுக்க முடியாது."

"இன்னும் குற்றவாளி ஆகல. மணி பதினொண்ணுதான் ஆகுது."

டாக்டர் நொர்பெர்த்தோ கதவைத் திறந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, முகம் பார்க்கலாம் போன்ற ஷூ. ஜன்னலுக்கு வெளியே அவருடைய சொந்த விமானம் நின்றது. தொழிற்சாலையில் செய்து இறக்கிய சரக்கு. எங்கள் ஊரில் வீட்டில் கட்டுகிறவர்கள் ஒரு ஜாதி, வாங்குகிறவர்கள் ஒரு ஜாதி. இரண்டு ஜாதியும் ஒரே மேஜையில் காபி குடிப்பதில்லை.

"பாவம் வாத்தியார்," என்றார். "எத்தனையோ தடவை சொன்னேன், கார் எஞ்சினை வெச்சுக்கிட்டு விளையாடாதேன்னு. அந்த ஃபுஸ்கா எஞ்சினை நான் கையால தொட்டதுகூட இல்லம்மா. சத்தத்தைக் கேட்டாலே சிரிப்பு வரும்."

மேஜையில் துணியைப் பிரித்தார். விசிறியின் இரண்டு இறக்கைகள். நுனியில் மஞ்சள் பெயின்ட், ஒரு விளிம்பில் பித்தளைத் தகடு, அடியில் சிலும்பு சிலும்பாக உடைந்த மரம்.

"பாருங்க, ஒரு கரும்பு நார்கூட ஒட்டல. சுத்தமா இருக்கு. கரும்புல படுறதுக்கு முன்னாடியே உடைஞ்சிருக்குன்னு இதுலயே தெரியுதே."

"நடுப்பாகம் எங்க?"

"தேடிட்டோம். கரும்புக்குள்ள எங்கயோ பறந்து போயிருக்கும்."

"முதல்ல ஓடிப் போய்ப் பார்த்தது நீங்கதானே?"

"ஆமா. போலீஸ் வர்றதுக்கு அரைமணி நேரம் முன்னாடியே போய்ட்டேன். உயிர் போயிருந்தது." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சீக்கிரம் ஆகட்டும்மா. மூணு மணிக்கு நான் பறந்தாகணும். தலைநகர்ல ஒரு கூட்டம்."

ஜுரேமா ஒரு இறக்கையை நுனி மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்தாள். "எழுதிக்க. புடைச்ச பக்கம் என்னைப் பார்த்து இருக்கு. பித்தளை என் இடது கைப்பக்கம்."

"இதை எதுக்கு எழுதணும்?"

"எதுக்குன்னு தெரியாததைத்தான் எழுதி வெச்சுக்கணும். தெரிஞ்சது ஞாபகம் இருக்கும்."

இரண்டாவது இறக்கையும் அப்படியே இருந்தது. எழுதிக்கொண்டேன்.

நொறுங்கிய பெம்தெவியைப் பக்கத்துக் கொட்டகையில் போட்டிருந்தார்கள். எஞ்சின் மட்டும் அவ்வளவாக அடிபடாமல் இருந்தது. விசிறி மாட்டுகிற வட்டத் தட்டில் ஆறு துளைகள். ஜுரேமா ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்த்தாள்.

"மரை தேயல. ஒரு போல்ட்கூட முறியல. ஆனா ஆறையும் காணோம்," என்றேன்.

"நடுப்பாகம் பறந்து போகும்போது ஸ்பேனர் வாங்கி, ஆறு போல்ட்டையும் கழட்டி, கையோட எடுத்துக்கிட்டுப் போயிருக்கு. ரொம்ப மரியாதை தெரிஞ்ச கட்டை."

அவள் குரல் இன்னும் இறங்கியது.

ஒடெட்டியின் பட்டறைக்குப் போனோம். கதவில் யாரோ கரியால் 'கொலைகாரி' என்று எழுதியிருந்தார்கள். அவள் அதை அழிக்கவில்லை. உள்ளே பாதி செதுக்கிய விசிறிகள் மேஜைகளில் கிடந்தன. மூலையில் துணி சுற்றிய நீளமான ஏதோ ஒன்று தனியாகச் சாய்ந்திருந்தது.

"விசிறியை எப்படித் தேர்ந்தெடுப்பீங்க? எனக்குப் புரியுற மாதிரி சொல்லு. இவனுக்கும் புரியணும், அதனால ரொம்ப எளிமையா சொல்லு," என்றாள் ஜுரேமா.

"ஃபுஸ்கா எஞ்சின் சின்னது. வேகமாச் சுத்தினாத்தான் அதுக்கு பலம் வரும். வேகமாச் சுத்துறதுக்கு நீள விசிறி ஆகாது. நுனி சத்தத்தோட வேகத்தைத் தொட்டுடும். அப்புறம் இரைச்சல்தான் வரும், இழுக்காது. அதனால குட்டை விசிறி." கையில் இருந்த மரத்தை ஒடெட்டி திருப்பிக் காட்டினாள். "அடுத்தது முறுக்கு. கம்மியா முறுக்கினா சைக்கிள்ல மேடு ஏற கியர் போடுற மாதிரி. சட்டுனு தரையை விட்டுத் தூக்கும், ஆனா மேல போனா ஓட்டம் கம்மி. கூட முறுக்கினா மேல நல்லாப் பறக்கும், தரையில ரொம்ப தூரம் ஓடணும். ரெண்டும் ஒரே விசிறில கிடைக்காது. ஒண்ணைத்தான் எடுக்கணும்."

"அவன் எதை எடுத்தான்?"

"கடைசியா, ரொம்ப தூரம் ஓடுறதை. ஓடுபாதை எண்ணூத்தி இருபது மீட்டர்னு தலைவர் கையெழுத்துப் போட்டுக் குடுத்த லெட்டரைக் கொண்டுவந்து காட்டினாரு. கணக்கு வாத்தியார் இல்லையா, நம்பரைப் பார்த்தா நம்பிடுவாரு."

"கடைசியான்னா? அதுக்கு முன்னாடி?"

ஒடெட்டி மூலையில் இருந்த துணி மூட்டையை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். லெட்டரை எடுத்து ஜுரேமாவிடம் கொடுத்தாள். நாலு மாதத்துக்கு முந்தைய தேதி. நொர்பெர்த்தோவின் கையெழுத்து வாலும் கொம்புமாக அரைப்பக்கம் ஓடியிருந்தது.

"பித்தளை எதுக்கு?"

"காத்தை முதல்ல வெட்டுற விளிம்புக்கு அது கவசம். மழை, கல்லு எல்லாம் அங்கதான் அடிக்கும். பின்னாடி வர்ற விளிம்புக்கு எந்த மடையனும் பித்தளை அடிக்க மாட்டான்."

"உன் வேலைன்னு எப்படித் தெரியும்?"

"நடுவுல என் முத்திரையைச் சுட்டு வெச்சிருப்பேன்."

"அதான் நடுப்பாகம் காணோம்," என்று நான் ஆரம்பித்தேன். ஜுரேமா என் காலை மிதித்தாள்.

ஒரு மணிக்கு ஓடுபாதையில் நின்றோம். மண் பாதை, நடுவில் ஒரு மேடு. இந்த முனையில் நின்றால் அந்த முனை தெரியாது. ஜுரேமா என்னை மீட்டருக்கு ஒரு எட்டாக வைத்து அளக்கச் சொன்னாள். வெயில் மண்டையைப் பிளந்தது. மேட்டைத் தாண்டி, ஐந்நூற்று நாற்பதாவது எட்டில் என் மூக்கு கரும்பில் இடித்தது. என் தலைக்கு மேல் ஒரு முழம் உயரம். உள்ளே புகுந்தேன். கரும்புக்கு நட்டநடுவில் ஓடுபாதை முடிவதைக் காட்டும் வெள்ளைக் கல் நின்றது.

"அக்கா! ஓடுபாதையிலயே கரும்பு நட்டிருக்கான்!"

"யாரோடது?"

"டாக்டரோடதுதான். ரெண்டு பக்கமும் அவர் நிலம். கிளப் மண்ணையும் சேர்த்து உழுதிருக்காரு. லெட்டர் குடுத்தப்ப அறுவடை ஆகி வெறும் கட்டையா இருந்திருக்கும். நாலு மாசத்துல வளர்ந்து நிக்குது."

ஒன்பது வருஷம் ஆணி ஆணியாகச் சேர்த்துக் கட்டினவன், மேட்டுக்கு அந்தப் பக்கம் சுவர் மாதிரி நிற்கும் கரும்பை நோக்கி முழுவேகத்தில் ஓடியிருக்கிறான். நான் வாய்க்கு வந்தபடி கெட்ட வார்த்தையில் திட்டினேன். ஜுரேமா தடுக்கவில்லை.

"ஆனா கரும்புல மோதித்தான் விசிறி உடைஞ்சதுன்னு எப்படிக் காட்டுறது?" என்றாள். "அந்த இறக்கை ரெண்டும் சுத்தமா இருக்கே."

திரும்பிப் போக ஃபுஸ்காவில் ஏறினோம். நூறு மீட்டர் போனதும் இருமி, நடுங்கி, நின்றது. நான் இறங்கி, எஞ்சின் இருக்கும் பின்மூடியைத் தூக்கி பெல்ட்டைச் சரிசெய்தேன். ஜுரேமா சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவள் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்று, சுழலும் பெல்ட் சக்கரத்தையே பார்த்தாள்.

"இது எந்தப் பக்கமா சுத்துது?"

"கடிகார முள் மாதிரி."

"எல்லா ஃபுஸ்காவும்?"

"என் பாட்டன் காலத்து ஃபுஸ்காவும் அப்படித்தான்."

"எவரால்டோ விசிறியை எந்த முனையில மாட்டியிருந்தான்?"

கொட்டகையில் பார்த்தது கண்முன் வந்தது. "இதே முனைல. பெல்ட் சக்கரம் இருக்கிற இடத்துல."

அவள் குடையை எடுத்து, கைப்பிடியைச் சக்கரத்துக்கு நேராகக் காட்டி, நுனி மேலே நிற்கும்படி பிடித்தாள். "இது இறக்கை. புடைச்ச பக்கம் எப்பவும் முன்னாடி பார்த்துத்தான் இருக்கும், அதனால நான் விமானத்து மூக்குக்கு முன்னாடி நிக்கிறேன். கடிகாரம் மாதிரி சுத்தினா மேல நிக்கிற இறக்கை எந்தப் பக்கம் போகும்?"

"வலது பக்கம்."

"அப்போ காத்தை முதல்ல வெட்டுறது எந்த விளிம்பு? பித்தளை எங்க இருக்கணும்?"

"வலது..." என்று சொல்லிக்கொண்டே நோட்டைத் திறந்தேன். என் கையெழுத்திலேயே இருந்தது: பித்தளை இடது கைப்பக்கம். இரண்டு இறக்கையிலும்.

"அந்த விசிறியை இந்த எஞ்சின்ல மாட்டினா," என்றாள் ஜுரேமா, "விமானம் பின்னாடிதான் நகரும். அது எவரால்டோவோட விசிறியே இல்ல. தொழிற்சாலை விமானம் எல்லாம் எதிர்ப்பக்கம் சுத்தும். ஃபுஸ்கா எஞ்சினைக் கையால தொட்டவன் எவனும் இந்தத் தப்பைப் பண்ண மாட்டான்."

"தொடவே இல்லைன்னு ஒருத்தர் பெருமையா சொன்னாரே!"

"அவர் சொன்னதுல உண்மைக்குக் கிட்ட வந்தது அது ஒண்ணுதான். மணி என்ன?"

"ரெண்டே கால்."

"ஒடெட்டியை வரச் சொல்லு. அவ மூலையில சாத்தி வெச்சிருக்கிறதையும் கொண்டுவரச் சொல்லு. நீ வண்டியை டாக்டர் விமானத்துக்கு முன்னாடி நிறுத்து."

"நின்னா மறுபடி கிளம்பாதுக்கா."

"அதுக்காகத்தான்டா சொல்றேன்."

காபிக்கடைக்குள் நுழைந்தோம். எல்லா ஏரோ கிளப்பையும் போல இங்கேயும் ஒரு பழக்கம். விபத்தில் உடைந்த விசிறியைத் தூக்கிப் போட மாட்டார்கள். சுவரில் மாட்டி, அடியில் தேதி போட்ட தகடு பதிப்பார்கள். ஏழெட்டு தொங்கின. நடுவில் கறுப்பு ரிப்பன் கட்டிய எவரால்டோவின் படம்.

ஜுரேமா நேராக அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். படத்துக்கு இரண்டு பக்கமும், புகை படிந்து பழுத்த சுவரில், வெளிறிய பட்டை ஒன்று கை நீட்டின மாதிரி தெரிந்தது. அடியில் தகடு இருந்தது. '1968, பயிற்சி விமானம்.'

"இந்தப் படத்தை யார் மாட்டினது?"

"டாக்டர்தான்," என்றாள் லெனீர். கணவனைப் புதைத்துவிட்டு வந்ததிலிருந்து அவள் அந்தக் கடையே கதியாகக் கிடந்தாள். "ஞாயித்துக்கிழமையே மாட்டிட்டாரு. அவர் ஒருத்தருக்குத்தான் அந்த எண்ணம் வந்துச்சு."

ஜுரேமா படத்தைச் சுவரிலிருந்து எடுத்தாள். லெனீர் பாய்ந்து வந்தாள். பாதி வழியில் நின்றுவிட்டாள். சுவரில் ஒரு முழு விசிறியின் உருவம் வெள்ளையாகத் தெரிந்தது.

"அமரில்தோ, உங்க சாட்சியத்தைக் கொண்டுவாங்க."

இன்ஸ்பெக்டர் இரண்டு இறக்கைகளையும் கொண்டுவந்து சுவரில் வைத்தார். மயிரிழைகூடப் பிசகாமல் பொருந்தின. ஜுரேமா சாவியால் மஞ்சள் பெயின்ட்டைச் சுரண்டினாள். கீழே ஐம்பது வருஷத்துப் புகை.

வெளியே ஹாரன் சத்தம். நொர்பெர்த்தோவின் பிக்கப்.

"யாரோட குப்பைடா இது? எடுங்கடா! நான் கிளம்பணும்!"

எல்லோரும் வெளியே ஓடினோம். நான் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு ஃபுஸ்காவின் சாவியைத் திருப்பினேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஒன்றும் செய்யவில்லை. அது கிளம்பவில்லை. பிறந்ததிலிருந்து அன்றுதான் அது தன் கடமையைச் செய்தது.

ஜுரேமா விமானத்தைச் சுற்றி நடந்தாள். திடீரென்று குனிந்தாள்.

"டாக்டர், உங்க விமானத்துல வெல்லக்கட்டி ஏதாவது ஏத்தியிருக்கீங்களா?"

"என்ன உளர்றீங்க?"

"இல்ல, எறும்பு ஏறுதே."

சக்கரத்தில் ஆரம்பித்து, விமானத்தின் கால் வழியாக ஏறி, சாமான் அறைக் கதவின் இடுக்குக்குள் ஒரு கறுப்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. நொர்பெர்த்தோ வழியை மறித்தார். அமரில்தோ அவரைத் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டுக் கதவைத் திறந்தார்.

போர்வையில் சுற்றின மூட்டை. பிரித்தபோது உள்ளே எறும்பாக மொய்த்தது. உடைந்த விசிறியின் நடுப்பாகமும் இரண்டு இறக்கைகளும். பித்தளை வலது பக்கம். மரம் பிளந்த இடமெல்லாம் கரும்பு நாரும் காய்ந்த சாறும் அப்பியிருந்தது. நடுவில் ஒடெட்டியின் முத்திரை. கூடவே ஆறு போல்ட்டுகள்.

ஒடெட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். எறும்பு கடிக்கக் கடிக்க அதைக் கையில் எடுத்து, உடைந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"ஒட்டு விடல," என்றாள். "பாருங்க, எல்லாரும் பாருங்க. மரம்தான் முறிஞ்சிருக்கு. ஒட்டின இடம் ஒண்ணுகூட விடல."

"எரிச்சிருக்கலாமே டாக்டர்?" என்றேன்.

"மூணு நாளா இங்க ஆள் நடமாட்டம், விமானத்தை விட்டு வெளிய எடுக்கவே முடியல. எங்க எரிப்பாரு?" என்றாள் ஜுரேமா. "தலைநகர் போற வழியில மேலேயிருந்து ஏதாவது ஏரியில போட்டுடலாம்னு கணக்கு."

"அது விபத்து!" என்று கத்தினார் நொர்பெர்த்தோ. "பாதையில கரும்பு இருந்தா என்ன? கண்ணு தெரியாதா அவனுக்கு? பறக்கிறவன் பாதையைப் பார்த்திருக்கணும்! நான் கிளப் பேரைக் காப்பாத்தத்தான்..."

லெனீர் அவர் முன்னால் போய் நின்றாள். "லெட்டர் யார் குடுத்தது?"

அவர் ஒரு அடி பின்வாங்கினார்.

"எண்ணூத்தி இருபதுன்னு யாருடா எழுதினது? அவன் படத்தை மாட்டி, ரிப்பன் கட்டி, என் தோள்ல கைய வெச்சு அழுதியே! அந்தக் கையாலதானே போல்ட்டைக் கழட்டின? அவன் அங்க செத்துக் கிடக்கும்போது கழட்டின!"

அமரில்தோ விலங்கை எடுத்தார். மணி மூன்று. நொர்பெர்த்தோவின் ஷூவில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அவர் காலை உதறிக்கொண்டே ஜீப்பில் ஏறினார்.

கூட்டம் கலையவில்லை. ஒடெட்டி தன் வண்டியிலிருந்து துணி மூட்டையைத் தூக்கி வந்து லெனீரின் முன்னால் வைத்தாள். பிரித்தாள். புத்தம் புதிய விசிறி. மஞ்சள் நுனி, பித்தளை விளிம்பு.

"இதைத்தான் முதல்ல கேட்டாரு. சீக்கிரம் தூக்குறது. செதுக்கி, மெருகு போட்டு, கையில குடுத்தேன். ஒரு வாரம் கழிச்சு லெட்டரோட இதைத் திருப்பிக் கொண்டுவந்தாரு. பாதை இவ்வளவு நீளமா இருக்கும்போது இது எதுக்கு, மேல நல்லாப் பறக்கிறதைக் குடுன்னாரு." அவள் பித்தளை விளிம்பை விரலால் தடவினாள். "இதைப் போட்டிருந்தா நானூறு மீட்டர்ல தூக்கியிருக்கும். கரும்புக்கு மேல போயிருப்பாரு. இதைத்தான் காலைல உங்ககிட்ட சொல்ல வந்தேன். வாய் வரல."

லெனீர் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. விசிறியைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டு காபிக்கடைக்குள் போனாள். நாங்கள் பின்னால் போனோம். காலையில் அவளே உடைத்த கோப்பைச் சில்லுகள் காலில் நெரிந்தன. அந்த வெளிறிய உருவத்துக்கு நடுவில் ஆணி இன்னும் இருந்தது. அதில் மாட்டினாள்.

கிழட்டுப் பைலட் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அம்மா, இங்க உடைஞ்சதைத்தான் மாட்டுறது வழக்கம்..."

"தெரியும்," என்றாள் லெனீர். 1968 தகட்டைப் பிடுங்கி எறிந்தாள். ஒடெட்டியின் காதில் செருகியிருந்த தச்சுப் பென்சிலை உருவி அவள் கையிலேயே கொடுத்தாள்.

"உனக்குத்தான் கை நடுங்காது. சுவர்லயே எழுது. எண்ணூத்தி இருபது மீட்டர். அடியில அவன் பேரு, முழுசா."

ஒடெட்டி எழுதினாள். ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை அழுத்தி எழுதினாள்.